தண்ணி எடை

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் மையத்தில் எடையக்கா தராசைக் கொக்கியில் மாட்டினாள் என்றால், பதினொரு மணிக்குள் எங்கள் தெருவின் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். யார் வீட்டில் பால் வாங்குவது நின்றுபோனது, யார் வீட்டுக்காரர் வேலைக்குப் போகாமல் சுற்றுகிறார், யாருக்கு மறுபடியும் நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. குழந்தையைத் துணிப்பையில் உட்காரவைத்துத் தராசில் மாட்டுவாள். கால் இரண்டும் தொங்கும். முள் ஆடி ஆடி ஓரிடத்தில் நிற்கும்.

"நல்லா சாப்பிடுறானா?"

"சாப்பிடுறான்க்கா."

"முள்ளு வேற சொல்லுதேம்மா. நான் முள்ளை நம்பவா, உன்னை நம்பவா?"

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அடுத்தது யார் முறையோ, அவள் மட்டும் சிரிக்கமாட்டாள்.

குழந்தைகள் மையம் என்று பெயர்தான் பெரிசு. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் அறை. ஒரு மூலையில் சத்துமாவுப் பொட்டலங்கள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். வறுத்த தானியமும் பயறும் பால் பவுடரும் கலந்த வாசனை அந்தச் சுவரிலேயே ஊறிப்போயிருந்தது. வெயில் காலத்தில் தகரக் கூரை சூடேறினால் வாசனை தெரு முனை வரைக்கும் வரும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை. அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. எடையைப் புள்ளியாக வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு போட்டு இணைப்பாள். கோடு ஏறினால் அம்மாக்காரி முகம் மலரும். பச்சையில் இருக்கும் பிள்ளைக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு பொட்டலம், மஞ்சளிலோ சிவப்பிலோ விழுந்தால் இரண்டு.

எடை ஏற்றிக் காட்டுவதற்குத் தாய்மார்கள் செய்யும் தில்லுமுல்லு கொஞ்சநஞ்சம் இல்லை. கனமான சட்டையைப் போட்டுக் கொண்டுவருவார்கள். தையல்காரர் மனைவி ஒரு தடவை, வரும் வழியில் பிள்ளைக்குக் குடம் குடமாகத் தண்ணீர் புகட்டிவிட்டாள் போல. வயிற்றைத் தட்டிப் பார்த்த எடையக்கா, பையிலிருந்து பிள்ளையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

"இது தண்ணி எடை. வெளிய போய் உக்காரு. அவன் ஒண்ணுக்குப் போனதும் கொண்டா. இருபத்திரண்டு வருஷமா பிள்ளைங்கள நிறுக்கிறேன், எனக்குத் தண்ணி எது சதை எதுன்னு தெரியாதா?"

தெருவில் அது ஒரு பேச்சாகவே ஆகிப்போனது. யாராவது இல்லாததை இருப்பதாகப் பேசினால் 'தண்ணி எடை போடாதே' என்போம்.

எடையக்காவுக்குக் குழந்தை கிடையாது. வீட்டுக்காரர் தவறிப்போய்ப் பதினைந்து வருஷம். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போனதால், பத்து வயது இளைய தம்பியை அவள்தான் வளர்த்தாள். அவன் குடும்பம் பக்கத்துப் பாகத்தில். நடுவில் ஒரு சுவர், அடுப்பு தனித்தனி.

தம்பி லாரியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். எல்லோருக்கும் அவன் 'லோடு'. மூன்று ஆள் சாப்பாட்டை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுவிட்டு, ஆறு ஆள் வேலையைச் செய்கிறவன் என்று பேர். ஒரு மழை நாளில் லாரி மேலிருந்து வழுக்கி மூட்டையோடு விழுந்தான். இடுப்பெலும்பு விட்டுப்போயிற்று. எண்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு படி ஏறியவனுக்கு, மடியில் இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க முடியவில்லை. வேலை நின்றது உடம்புக்குத் தெரிந்தது, வயிற்றுக்குத் தெரியவில்லை.

அதனால் அவன் பெண்டாட்டி வேலைக்குக் கிளம்பினாள். பிள்ளைக்கு அப்போது பதின்மூன்று மாதம். அவளுக்குக் கிடைத்தது முட்டைக் கம்பெனி. ஜன்னல் இல்லாத இருட்டு அறை. ஓடும் பட்டையில் முட்டைகள் வரிசையாக உருண்டு வரும், அடியில் விளக்கு எரியும். ஓட்டுக்குள் ரத்தப் பொட்டு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பார்த்துப் பொறுக்க வேண்டும். பொறுக்கியதையெல்லாம் பீப்பாயில் உடைத்து ஊற்றி ரொட்டிக் கம்பெனிக்கு அனுப்பிவிடுவார்கள். வாசலில் பையைச் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். பத்து மணி நேரம் அந்த வாடையில் நின்றுவிட்டு வருகிறவள், வந்ததும் தலையில் இரண்டு தடவை சோப்புப் போடுவாள். கடையில் முட்டை வாங்கி அவித்துப் பிள்ளைக்குக் கொடேன் என்று எடையக்கா ஒரு தடவை சொன்னாளாம். அதற்கு அவள், கோழியே விருந்தாளியாக வந்தாலும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன் அண்ணி என்றாளாம். அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பால்குடி நின்றது. பகலெல்லாம் பிள்ளை தகப்பனிடம். அவன் என்ன செய்வான், பால் விடாத டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவான். மத்தியானம் பெண்டாட்டி வடித்து வைத்துவிட்டுப் போன சோற்றில் கஞ்சித் தண்ணீரை விட்டுக் கரைப்பான். அது சாப்பிடவும் சாப்பிட்டது. வாசற்படியில் மடியில் வைத்துக்கொண்டு, லாரி மாதிரி வாயால் சத்தம் கொடுத்து, கியர் மாற்றி மாற்றி ஊட்டுவான். மேடு வந்தால் ஒரு வாய், பள்ளம் வந்தால் ஒரு வாய். அந்த வழியாகப் போகிற நாங்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவோம். இந்த மாதிரி ஒரு தகப்பன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தையல்காரர் மனைவி அவள் புருஷன் காதில் விழும்படி சொல்வாள்.

ஆனால் பிள்ளை மெலிந்துகொண்டே வந்தது. 'குச்சி' என்று தெரு கூப்பிட ஆரம்பித்தது. பதினாறாவது மாதம் ஆறே முக்கால் கிலோ, சிவப்பு. எடையக்கா தன் கையாலேயே அந்தப் புள்ளியை வைத்தாள். அன்றைக்கு அவள் வரிசையில் யாரிடமும் வம்பு பேசவில்லை. இரண்டு பொட்டலத்தைக் கொண்டுபோய்த் தம்பி வீட்டு அலமாரியில் வைத்து, ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இத்தனை கரண்டி, கெட்டியாகக் கரைக்க வேண்டும், தண்ணீராக ஆற்றிக் கொடுக்கக் கூடாது என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள்.

நடுவில் ஒரு வாரம் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக இருந்து எழுந்தது. அதற்கப்புறம் வந்த புதன்கிழமை ஏழேகால் கிலோ.

எடையக்கா இரண்டு தடவை நிறுத்துப் பார்த்தாள். பையை மாற்றியும் பார்த்தாள். முள் அங்கேயே நின்றது. கோடு மஞ்சளுக்கு ஏறியது. அடுத்த மாதம் எட்டுக் கிலோவுக்கு நூறு கிராம்தான் குறைச்சல். கன்னம் உப்பி, கை கால் எல்லாம் திரண்டு, கண் சின்னதாகப் போய்விட்டது. அதன் கன்னத்தை அமுக்கிவிட்டு, இனிமேல் யாரும் குச்சி என்று கூப்பிடக் கூடாது, இவள் பேர் பன்னு என்று எடையக்காதான் சொன்னாள். பேர் ஒட்டிக்கொண்டது.

நாங்களும் எங்கள் பங்குக்குச் சொன்னோம். தேறிவிட்டாள் என்றோம். முடி செம்பட்டை பாய்ந்து மினுமினுத்தது. எந்த நாட்டு இளவரசியோ தப்பித்து வந்துவிட்டாள் என்று கிண்டல் செய்தோம். முன்னேயெல்லாம் தகப்பன் கையிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கும். இப்போது உட்காரவைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அழுவதில்லை, கேட்பதில்லை. என்ன சமத்து, என்ன சமத்து என்று மாய்ந்துபோனோம். எங்களில் ஒருத்திக்குக்கூட அது வேறு மாதிரி தோன்றவில்லை.

பழைய பதிவேட்டில் 'வீக்கம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்காக ஒவ்வொரு பிள்ளையின் பாதத்திலும் கட்டைவிரலை வைத்து மூன்று எண்ணும் வரை அமுக்கிப் பார்க்க வேண்டும். பள்ளம் விழுந்து அப்படியே நின்றால் உள்ளே நீர் கோத்திருக்கிறது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொல்லிக்கொடுத்தது. அத்தனை வருஷத்தில் இரண்டே பிள்ளைக்குத்தான் அப்படி இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் மேலதிகாரி புதுப் பதிவேடு கொண்டுவந்தார். அதில் பெயர், வயது, எடை, பொட்டலம். அந்தக் கட்டம் இல்லை. கட்டம் போனதோடு கட்டைவிரலுக்கும் வேலை போயிற்று.

பத்தொன்பதாவது மாதம் எட்டு கிலோ நானூறு. பச்சை.

அன்றைக்கு மையத்தில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். பச்சைக்கு வந்த பிள்ளைக்கு ஒரு பொட்டலம்தான் என்பது விதி. தன் தம்பி பிள்ளை என்று கூட ஒன்று கொடுத்தாள் என்ற பேச்சு வரக் கூடாது என்று, எங்கள் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இரண்டாவது பொட்டலத்தை எடுத்து அடுக்கிலேயே திரும்ப வைத்தாள்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் காலையில் பிள்ளை கண் திறக்கவில்லை. உடம்பு சில்லிட்டுக் கிடந்தது. பெண்டாட்டி அன்றைக்கு வேலைக்குப் போகாமல், எடையக்காவோடு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தம்பி ஊன்றுகோலை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து சேர்வதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

டாக்டரம்மா சின்ன வயசு. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள், முடியை லேசாகப் பிடித்து இழுத்தாள், கொத்தாகக் கையோடு வந்தது. அப்புறம் கால் மாட்டுக்கு வந்து, பாதத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கினாள்.

எடையக்காவின் உதடு தானாக எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று.

டாக்டர் விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது.

"எத்தனை மாசமா இப்படி வீங்கியிருக்கு?"

"வீக்கமா? உடம்பு வச்சிருக்கு டாக்டர்" என்றாள் அம்மாக்காரி. "தேறி வர்ற பிள்ளை. அட்டையைப் பாருங்க, மாசா மாசம் ஏறியிருக்கு."

டாக்டர் அட்டையை வாங்கிப் பார்த்தாள். மறுபடியும் பிள்ளையைப் பார்த்தாள்.

"இது சதை இல்லம்மா. தண்ணி. சத்தே இல்லாம ரத்தத்துல இருக்கிற நீர் வெளிய கசிஞ்சு தங்கியிருக்கு. இதுல ரெண்டு கிலோ தண்ணியாவே இருக்கும். யாரு எழுதினது இந்த அட்டை?"

"நான்தான்" என்றாள் எடையக்கா.

"நீங்க பிள்ளைக்கு யாரு?"

"அத்தை."

டாக்டர் அதற்கு மேல் அவளைக் கேட்கவில்லை. அம்மாக்காரியிடம் திரும்பி, பகலில் யார் ஊட்டுவது என்று கேட்டாள். பிள்ளைக்குப் பயறு, முட்டை, பால், மாவு ஏதாவது போய்ச் சேர்கிறதா, யார் கையால் போகிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். தம்பி அப்போதுதான் வாசலில் வந்து நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றாள் பெண்டாட்டி. "எல்லாம் நான்தான் ஊட்டுவேன்."

பத்து மணி நேரம் முட்டைக் கம்பெனியில் நிற்கிறவள். எடையக்கா அவளைத் திரும்பிப் பார்த்தாள். தம்பி தரையைப் பார்த்தான்.

படுக்கை கிடைத்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மருந்துப் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒரே சமயத்தில் நிறையக் கொடுத்தால் இதயம் தாங்காதாம். பசித்துக் கிடந்த உடம்புக்குச் சோறுகூடப் பாரம் என்பதை எடையக்கா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

தினமும் காலையில் நர்ஸம்மா தராசோடு வருவாள். மறுநாள் ஏழு தொள்ளாயிரம். அதற்கு மறுநாள் ஏழு முந்நூறு.

"நல்லா இறங்குது" என்றாள் நர்ஸம்மா. "இப்படி இறங்கணும். நீர் வடியுது."

வாழ்நாளெல்லாம் முள் ஏறுவதற்காகக் காத்திருந்தவள், முள் இறங்கினால் நல்லது என்பதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். ஒவ்வொரு நாளும் பன்னு கரைந்துகொண்டே வந்தாள். கன்னம் போயிற்று. கண் பெரிசாயிற்று. திரண்டிருந்த காலில் தோல் சுருக்கம் சுருக்கமாகத் தொங்கியது. ஆறாம் நாள் ஆறரை கிலோ. படுக்கையில் கிடந்தது பழைய குச்சி, அதைவிட மெலிந்த குச்சி. மூன்று மாதமாக அந்தத் தோலுக்குள் அவள் அப்படித்தான் இருந்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் ஒரு தடவை அழுதாள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் கேட்ட சத்தம். நல்ல அறிகுறி என்று நர்ஸம்மா சொன்னதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பி குனிந்து, தொண்டையில் லாரி சத்தம் கொடுத்துப் பார்த்தான். பிள்ளை அவன் பக்கம் கண்ணைத் திருப்பியது.

ஏழாம் நாள் காலையில் நெஞ்சில் சளி கட்டியது. பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்குப் புதன்கிழமை. மையத்துக் கதவு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளோடு வாசலில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தகவல் வந்தது.

அதற்கு மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. தையல்காரர் மனைவி ஒரு பாத்திரம் நிறையச் சோறும் பருப்பும் கொண்டுபோய், நனைந்துகொண்டே தம்பி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். அங்கே நடந்ததை அவள் கொஞ்சம் சொன்னாள், மீதியை எடையக்காவே பின்னொரு நாள் என்னிடம் சொன்னாள்.

அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று எடையக்கா எழுந்தாளாம். சும்மா உட்கார முடியவில்லை. சத்துமாவுப் பொட்டலம் அடிதட்டிப் போயிருந்தது. கொடுத்துப் பதினெட்டு நாள், அதில் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது ஏழு நாள். அது வீட்டில் இருந்த ஒன்பது நாளில் இவ்வளவு மாவும் சாப்பிட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது. கணக்குப் போடத் தெரிந்தவள். பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சுவரோரமாகப் படுத்திருந்த தம்பி அதைப் பார்த்துவிட்டான்.

"பசிச்சுதுக்கா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அவன் தோள் குலுங்குவதைத்தான் பார்க்க முடிந்தது.

பேசியது அவன் பெண்டாட்டி. அழவில்லை, குரல் உயரவில்லை. கம்பெனியில் நடந்ததைச் சொல்வது மாதிரி சொன்னாளாம்.

"அவரா எடுத்துச் சாப்பிடல அண்ணி. முதல்ல ஒரு நாள் கரண்டியை வழிச்சு நக்கினதைப் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் ஒளிச்சார். அந்த உடம்பு என்ன சாப்பிடும்னு உங்களுக்குத் தெரியும். நான் வச்சுட்டுப் போறது எங்க பத்தும்? கேக்கமாட்டார். காலைல பிள்ளைக்குக் கலக்கும்போது வாசத்துக்குக் கண்ணை மூடிக்குவார். அப்புறம் நானே ஒரு டம்ளர் அவருக்கும் கலக்க ஆரம்பிச்சேன்."

எடையக்கா பொட்டலத்தின் வாயை மடித்து மடித்து மூடினாள்.

"சிவப்புல இருந்தப்ப தொடக்கூட இல்ல அண்ணி, சத்தியமா. ஒரு பருக்கை தொடல. நீங்க வந்து ஏறுதுன்னு சொன்னீங்க. மஞ்சளுக்கு வந்துட்டா, தேறிட்டான்னு சொன்னீங்க. அப்பதான் கலக்கினேன். அவளுக்குப் போக மிச்சம் இருக்குன்னு நெனச்சேன். நீங்க பச்சைன்னு சொன்ன அன்னைக்கு, இனிமே பயமில்லைன்னு இவருக்கு ரெண்டு டம்ளரா கொடுத்தேன்."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எடையக்கா அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்துவிட்டு, அவள் மாவு ஒட்டியிருந்த டம்ளரைக் கழுவக் கொண்டுபோனாள்.

"என் கையில இருந்துச்சும்மா" என்றாள் எடையக்கா, அவள் முதுகைப் பார்த்து. "தினம் இடுப்புல வச்சிருந்தேன். காலைப் பிடிச்சுக் கொஞ்சினேன். ஒரு தடவை அமுக்கிப் பார்த்திருந்தா..."

"நம்ப ஆசையா இருந்துச்சு உங்களுக்கு" என்றாள் அவள் திரும்பாமல். "எங்களுக்கும்தான்."

மழை ஓய்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பெண்டாட்டி மூன்று தட்டு எடுத்துவைத்தாள். தையல்காரர் வீட்டுச் சோறு ஆறிப்போயிருந்தது, பருப்பை மட்டும் சூடு பண்ணினாள். தம்பி எழுந்து உட்கார மாட்டேன் என்றான். மூன்று நாளாகத் தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தான். இனிமேல் இந்த வாயில் எதையும் வைக்கமாட்டேன் என்று எடையக்காவிடம் சொல்லியிருந்தானாம். பெண்டாட்டி அவன் கக்கத்தில் கை கொடுத்து, மூட்டையைச் சாய்த்து வைப்பது மாதிரி சுவரில் சாய்த்து உட்காரவைத்தாள். தட்டை மடியில் வைத்தாள். பருப்பை ஊற்றிப் பிசைந்தும் விட்டாள்.

"சாப்பிடுங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"அக்காவும் நானும் உங்களைப் பார்த்துக்கிட்டே எத்தனை நாள் உக்காந்திருக்கிறது? சாப்பிடுங்க."

சோற்றில் கை வைத்தான். முதல் வாய் உள்ளே போகும்போது கண்ணிலிருந்து தட்டிலேயே சொட்டியது. இரண்டாவது வாய்க்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மூன்றாவதிலிருந்து அவன் உடம்பு அவனைக் கேட்கவில்லை. லோடு இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவன் மாதிரி, பெரிய பெரிய கவளமாக, மெல்லாமல்கூட விழுங்கினான். அழுகையும் நிற்கவில்லை, கையும் நிற்கவில்லை. பெண்கள் இரண்டு பேரும் தங்கள் தட்டைத் தொடாமல் அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தட்டு காலியானது. அவன் தலையை நிமிர்த்தவில்லை. கையையும் கழுவவில்லை. வெறும் தட்டில் விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

பெண்டாட்டி சற்று நேரம் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இன்னும் இருக்கு" என்று சொல்லி, அவன் தட்டில் சோற்றைப் போட்டாள். "வெக்கப்படாம கேளுங்க."